முதல் நோயாளி வேறு, முதல் தொற்று வேறு: கொரோனாவின் தொடக்கத்தை எப்படிக் கணிக்கிறார்கள்?

கேள்விகள் மூன்று. வூகானில் முதன்முதலில் நோய் கண்டவர் யார், எப்போது? 2019 டிசம்பருக்கு முன்பே ஐரோப்பாவில் இந்த வைரஸ் இருந்ததாக வந்த ஆய்வுகளை நம்பலாமா? வூகானின் ஹூவானான் சந்தையில் விற்ற விலங்குகளிலிருந்து வந்ததா, அதே ஊரின் ஆய்வகத்திலிருந்து வந்ததா? முதல் கேள்வியில் தவறினால் மற்ற இரண்டும் தானாகவே கோணிப்போகும். அதனால் அதற்குத்தான் அதிக இடம் கொடுக்கிறேன்.

"தொடக்கம்" என்ற ஒரே சொல்லால் நான்கு வெவ்வேறு நாட்களைக் குறிக்கிறோம். வைரஸ் முதன்முறையாக ஒரு மனித உடலுக்குள் புகுந்த நாள் ஒன்று. இன்று கையில் இருக்கும் அத்தனை மரபணு வரிசைகளுக்கும் மூதாதையான வைரஸ் யாரோ ஒருவர் உடலில் இருந்த நாள் இரண்டாவது. பின்னாளில் அடையாளம் காணப்பட்ட நோயாளிகளில் எல்லோருக்கும் முன்பாக ஒருவருக்கு அறிகுறி தொடங்கிய நாள் மூன்றாவது. "இது வழக்கமான நிமோனியா இல்லை" என்று மருத்துவர்கள் விழித்துக்கொண்ட நாள் நான்காவது. நான்காவது நமக்குத் துல்லியமாகத் தெரியும்: வூகான் மருத்துவர் ஒருவர் 2019 டிசம்பர் 27 அன்று மேலே தகவல் சொன்னார், 31 அன்று நகரச் சுகாதார ஆணையம் 27 நோயாளிகள் இருப்பதாக அறிவித்தது. மூன்றாவதைப் பற்றி ஓரளவு தெரியும். இரண்டாவது கணக்குப்போட்டுக் கிடைப்பது. முதலாவது இன்னும் யாருக்கும் தெரியாது. செய்திகளில் இந்த நான்கையும் மாற்றி மாற்றி எழுதுவதால்தான் "அக்டோபரிலேயே வந்துவிட்டது", "இல்லை, டிசம்பரில்தான்" என்று ஒன்றோடொன்று மோதுவது போன்ற தலைப்புகள் வருகின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக இருக்கலாம், பேசுவது வெவ்வேறு நாட்களைப் பற்றி என்பதால்.

மூன்றாவது நாளை எடுத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனமும் சீனாவும் சேர்ந்து 2021 ஜனவரி, பிப்ரவரியில் நடத்திய ஆய்வில், 2019 டிசம்பரில் அறிகுறி தொடங்கிய 174 நோயாளிகள் பட்டியலிடப்பட்டார்கள். அதில் முதலாவதாக டிசம்பர் 8 என்ற தேதியோடு இருந்தவர் ஒரு கணக்காளர். ஹூவானான் கடலுணவுச் சந்தையோடு அவருக்குத் தொடர்பே இல்லை. "பாருங்கள், முதல் நோயாளியே சந்தைக்காரர் இல்லை" என்ற வாதம் நெடுநாள் அந்தத் தேதியின் மேல்தான் நின்றது. அரிசோனா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் வோரோபே அவருடைய மருத்துவக் குறிப்புகளையும் பேட்டியையும் ஒப்பிட்டுப் பார்த்து 2021 நவம்பரில் எழுதினார்: டிசம்பர் 8 அன்று இருந்தது பல் கோளாறு, காய்ச்சல் வந்தது 16 அன்றுதான். அந்த ஒரு திருத்தத்தோடு பட்டியலின் தலைக்கு வந்தவர், டிசம்பர் 11 வாக்கில் நோயுற்ற, அதே சந்தையின் கடலுணவு வியாபாரி ஒரு பெண். மருத்துவச் சீட்டில் "அறிகுறி தொடங்கிய நாள்" என்ற கட்டத்தில் எதை எழுதினார்கள் என்பது எவ்வளவு பெரிய முடிவைப் புரட்டிப்போடுகிறது பாருங்கள். வந்த நாள், சேர்ந்த நாள், காய்ச்சல் தொடங்கிய நாள் மூன்றும் ஒரே கட்டத்துக்குள் விழுவது எந்தத் தொற்றுநோய் ஆய்விலும் நடப்பதுதான். மூலச் சீட்டைப் பார்க்காமல் பட்டியலை மட்டும் வைத்து வாதாடினால் அகப்பட்டுக்கொள்வோம்.

அந்த 174 பேரைப் பற்றி இன்னொரு எச்சரிக்கை. இவர்கள் பெரும்பாலும் மருத்துவமனைக்கு வருமளவுக்கு முற்றியவர்கள். இந்த வைரஸ் தொற்றியவர்களில் பெரும்பாலோர் சளி, இருமலோடு வீட்டிலேயே இருந்திருப்பார்கள், பலருக்கு எதுவுமே தெரிந்திருக்காது. எனவே பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் பின்னால் பட்டியலில் ஏறாத பத்து இருபது பேர் உண்டு. மேலும், ஜனவரி தொடக்கத்தில் வகுத்த நோய் வரையறையில் சந்தைத் தொடர்பும் ஒரு அளவுகோலாக இருந்தது. சந்தைக்குப் போனவரா என்று கேட்டு, போனவரை மட்டும் கணக்கில் சேர்த்தால், கணக்கில் இருப்பவரெல்லாம் சந்தைக்காரராகத்தான் இருப்பார்கள். இந்தக் குறைபாடு உண்மையானது. ஆனால் அதற்கும் ஒரு சோதனை உண்டு: சந்தை மேல் யாருக்கும் சந்தேகம் வருவதற்கு முன், அறிகுறியை மட்டும் பார்த்து மருத்துவமனைகள் கண்டுகொண்டவர்களைத் தனியே எடுத்துப் பார்ப்பது. அப்படிப் பார்த்தபோதும் சுமார் பாதிப் பேர் சந்தையோடு தொடர்புள்ளவர்களாக இருந்தார்கள். ஒரு கோடிப் பேருக்கு மேல் வாழும் நகரத்தில், ஆயிரக்கணக்கான கடைத்தெருக்களுக்கு நடுவே, ஒரே ஒரு சந்தைக்கு இந்தப் பங்கு மிகப் பெரியது.

இனி இரண்டாவது நாள். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று வெறும் பெருக்கல், காகிதத்தில் நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

கட்டுப்பாடு ஏதும் இல்லாத ஊரில் தொற்றியவர்களின் எண்ணிக்கை நான்கரை நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடக்க கால மதிப்பீடுகள் இரண்டரை நாள் முதல் ஏழு நாள் வரை இருந்தன, இது அவற்றுக்கு நடுவே வருவது. நவம்பர் 16 அன்று ஒருவரிடம் தொடங்கினால் டிசம்பர் 31 வரை 45 நாள், அதாவது பத்து இரட்டிப்பு, சுமார் ஆயிரம் பேர். வூகான் முடக்கப்பட்ட ஜனவரி 23 வரை இன்னும் ஐந்து இரட்டிப்பு, ஏறத்தாழ 33,000 பேர். வெளிநாடுகளுக்குப் போய்ச் சேர்ந்த நோயாளிகளின் எண்ணிக்கையிலிருந்து பின்னோக்கிக் கணித்த ஹாங்காங் பல்கலைக்கழகக் குழு, ஜனவரி 25 வரை வூகானில் சுமார் 75,000 பேருக்குத் தொற்றியிருக்கும் என்றது. முற்றிலும் வேறொரு வழியில் வந்த எண், இருந்தாலும் அதே அளவில் வந்து நிற்கிறது.

இப்போது அதே கணக்கைச் செப்டம்பர் 15 அன்று தொடங்கிப் பாருங்கள். டிசம்பர் 31 வரை 107 நாள், 24 இரட்டிப்புக்குச் சற்றுக் குறைவு. விடை 1 கோடியே 40 லட்சத்தைத் தாண்டும். வூகான் மக்கள்தொகையே அப்போது 1 கோடியே 10 லட்சம்தான். புத்தாண்டுக்கு முன்பே நகரம் முழுவதும் நோயுற்று முடிந்திருக்க வேண்டும், அப்படி நடக்கவில்லை. "செப்டம்பரிலேயே பரவிக்கொண்டிருந்தது" என்று யாராவது சொன்னால், இரட்டிப்புக் காலத்தை எவ்வளவு என்று எடுத்தீர்கள் என்று கேளுங்கள். ஏழு நாள் என்று நீட்டினால்கூட நாற்பதாயிரம் பேர் வரும். அத்தனை பேர் தொற்றியிருந்தால் டிசம்பர் தொடக்கத்திலேயே தீவிர சிகிச்சைப் பிரிவுகள் அசைந்திருக்கும்.

இந்தக் கணக்கு உடையும் இடமும் ஒன்று உண்டு. வைரஸ் எப்போதும் சீராகப் பெருகுவதில்லை. தொற்றியவர்களில் பெரும்பாலோர் யாருக்குமே கொடுப்பதில்லை, சிலர் மட்டும் பத்து, இருபது பேருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். சுமார் பத்தில் ஒருவரிலிருந்துதான் எண்பது சதவீதத் தொற்று பிறக்கிறது என்பது 2020இல் வந்த மதிப்பீடு. இதன் விளைவு, புதிதாக ஒரு மனிதருக்குள் புகும் வைரஸ் பெரும்பாலும் ஓரிரண்டு பேரோடு அணைந்துபோகும். கணினி மாதிரிகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட நுழைவுகள் தாமாகவே முடிந்துபோயின. ஆகவே அக்டோபரில் யாரோ ஒருவருக்கு வந்து, இருவருக்குப் பரவி, ஓய்ந்திருக்கலாம். அப்படிப்பட்ட தொற்று மருத்துவமனையிலோ மரபணுவிலோ தடம் விடாது. முதலாவது நாளை நாம் ஒருபோதும் துல்லியமாகச் சொல்ல முடியாமல் போகக் காரணம் இதுதான்.

இரண்டாவது வழி மரபணுக் கடிகாரம். சீன ஆய்வாளர் சாங் யோங்சென் குழு வரிசைப்படுத்தி, சிட்னி பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் ஹோம்ஸ் மூலம் 2020 ஜனவரி 11 அன்று வெளியான முதல் வரிசையில் 29,903 எழுத்துகள், அதாவது மரபணுவின் அடிப்படை அலகுகள். இந்த வைரஸ் மனிதர்களிடையே பரவும்போது மாதத்துக்குச் சுமார் இரண்டு எழுத்துகள் மாறி நிலைக்கின்றன. ஒரே மூதாதையிலிருந்து பிரிந்த இரண்டு கிளைகளும் தனித்தனியே மாறுவதால், அவற்றுக்கிடையிலான வேறுபாடு மாதத்துக்கு நான்கு எழுத்து வீதம் கூடும். ஜனவரி வரையிலான வரிசைகள் ஒன்றிலிருந்து ஒன்று சில எழுத்துகளே வேறுபட்டன. நாட்களைப் பின்னோக்கி உருட்டினால் பொது மூதாதை 2019 அக்டோபர் நடுப்பகுதியிலிருந்து நவம்பர் இறுதிக்குள் வருகிறது. வெறும் சில எழுத்து வேறுபாட்டை வைத்துப் போடும் கணக்கு என்பதால் முன்பின் பல வாரங்கள் தள்ளாடும். "நவம்பர் 18" என்று ஒற்றைத் தேதி போட்டு வரும் செய்தியில், அதன் இருபுறமும் உள்ள அந்த வாரங்களை வெட்டிவிட்டார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

இங்கே நுணுக்கமான சிக்கல் ஒன்று உண்டு, இதைச் சற்றுப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். தொடக்க கால வரிசைகள் ஏ, பி என்று இரு கிளைகளாகப் பிரிகின்றன. வேறுபாடு இரண்டே இடங்களில்: 8,782ஆவது எழுத்திலும் 28,144ஆவது எழுத்திலும். சந்தைக்காரர்களிடம் கிடைத்த தொடக்க வரிசைகள் பி. இதன் உறவினரான வௌவால் வைரஸ்களில் அந்த இரண்டு இடங்களிலும் இருக்கும் எழுத்துகளோ ஏ கிளையோடு ஒத்துப்போகின்றன. அப்படியானால் ஏ தானே மூத்தது, மூத்தது சந்தைக்கு வெளியே இருந்தால் சந்தை வெறும் பெருக்கிடம்தானே என்று ஒரு தரப்பு கேட்டது. நல்ல கேள்வி. ஆய்வாளர் ஜோனதன் பெகாரும் மற்றவர்களும் 2022இல் கொடுத்த விடை, இரண்டும் விலங்கிலிருந்து தனித்தனியே, சில வார இடைவெளியில் தாவியவை என்பது. பின்னர் சந்தையில் எடுத்த ஒரு கையுறை மாதிரியிலும் ஏ கிளை அகப்பட்டது. ஆனால் அந்த இரட்டைத் தாவல் கணக்கில் நிரல் பிழை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டு, திருத்தியபோது அதன் புள்ளியியல் வலு கணிசமாக இறங்கியது. முடிவு தலைகீழாகவில்லை, உறுதி குறைந்தது. சந்தைக் கருதுகோளின் கால்களில் இதை நான் மெலிந்த கால் என்றே வைப்பேன்.

இரண்டு கிளைகளுக்கும் நடுவே, ஒரு எழுத்து மட்டும் மாறிய இடைநிலை வரிசைகள் கிடைத்தால் மனிதரிடையேதான் ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்று சொல்லிவிடலாம். அப்படிச் சில வரிசைகள் தரவுத்தளத்தில் இருந்தன. அவற்றின் மூலத் தரவைத் தோண்டியபோது பல வெறும் தொழில்நுட்பக் கோளாறாகவே தெரிந்தன. வரிசைப்படுத்தும்போது கருவி ஓரிடத்தைப் போதிய தடவை படிக்காவிட்டால் அங்கே "தெரியவில்லை" என்ற குறியைத்தான் இட வேண்டும். சில மென்பொருள் அமைப்புகளோ ஒப்பிடுவதற்காக வைத்திருக்கும் மேற்கோள் வரிசையின் எழுத்தை அங்கே நிரப்பிவிடுகின்றன. அந்த மேற்கோள் வரிசை பி கிளையைச் சேர்ந்தது. ஏ கிளை நோயாளியின் வரிசையில் ஓரிடம் இப்படி நிரம்பினால், இல்லாத ஒரு இடைநிலை பிறந்துவிடும்.

இரண்டாம் கேள்வி, ஐரோப்பா. இதில் வந்த ஆய்வுகள் எல்லாமே ஒரே தரம் இல்லை. பாரிஸ் அருகே 2019 டிசம்பர் 27 அன்று தீவிர சிகிச்சையில் இருந்த ஒருவரின் பழைய மாதிரி பிற்பாடு பி.சி.ஆரில் பாசிட்டிவ் ஆனது. டிசம்பர் இறுதியில் வூகானில் ஆயிரம் பேர் அளவில் தொற்று இருந்திருக்கும் நிலையில் இது பொருந்தக்கூடியது. வட இத்தாலியின் மிலான், தூரின் நகரக் கழிவுநீரில் டிசம்பர் 18 அன்றே தடயம் கிடைத்தது என்பது சாத்தியத்தின் விளிம்பில் இருக்கிறது. பார்சிலோனாவில் 2019 மார்ச் மாதக் கழிவுநீர் மாதிரி ஒன்றில் கிடைத்ததாகச் சொன்னது பொருந்தவே பொருந்தாது. அந்த ஒரு மாதிரியைத் தவிர அதற்கு முன்னும் பின்னும் மாதக்கணக்கில் எதுவும் இல்லை, அதிலும் சோதித்த மரபணுப் பகுதிகளில் சிலவே பாசிட்டிவ்.

இத்தாலியில் இன்னொரு ஆய்வு. புற்றுநோய்ப் பரிசோதனைக்காக 2019 செப்டம்பர் முதல் சேமித்த 959 பேரின் ரத்தத்தில் 111 பேருக்கு இந்த வைரஸுக்கான எதிர்ப்புப் புரதம் (ஆன்டிபாடி) இருந்ததாம், நூற்றுக்குப் பதினொன்றுக்கு மேல். இதை நாட்டளவுக்கு நீட்டுங்கள். இத்தாலியின் மக்கள்தொகை சுமார் ஆறு கோடி. அதில் பத்து சதவீதம் 60 லட்சம் பேர். தொற்றியவர்களில் இருநூறில் ஒருவர் இறந்தால்கூட 30,000 மரணங்கள் 2019 இலையுதிர் காலத்திலேயே நிகழ்ந்திருக்க வேண்டும். இத்தாலியின் மரணப் பதிவேட்டில் அப்படி ஒரு மேடு இல்லை. அப்புறம் அந்த 111 எங்கிருந்து வந்தது? சாதாரண சளியைக் கொடுக்கும் வேறு நான்கு கொரோனா வைரஸ்கள் நம்மிடையே எப்போதும் சுற்றுகின்றன. அவற்றுக்கு எதிராக உடல் செய்த புரதம் புதிய வைரஸுக்கான சோதனையிலும் ஒட்டிக்கொள்ளலாம். வைரஸைச் செல்லுக்குள் புகாமல் தடுக்கிறதா என்று பார்க்கும் நடுநிலையாக்கச் சோதனையில் அந்த 111இல் ஒரு சிலரே தேறினார்கள். மற்ற ஆய்வகங்களில் மீண்டும் சோதித்தபோது முடிவு உறுதிப்படவில்லை.

இத்தகைய செய்தி கண்ணில் பட்டால் செய்ய வேண்டிய முதல் கணக்கு இது. சோதனை 99 சதவீதம் துல்லியம் என்றாலும், நோயே இல்லாத 5,000 பழைய மாதிரிகளில் 50 பொய்ப் பாசிட்டிவ் வந்தே தீரும். எனவே அதே கருவியில், வைரஸே இருந்திருக்க முடியாத 2015 அல்லது 2016ஆம் ஆண்டு மாதிரிகளையும் ஓட்டினார்களா என்று பாருங்கள். அவற்றிலும் அதே விகிதம் வந்தால் விஷயம் முடிந்தது. பி.சி.ஆரில் ஆபத்து வேறு வகை. நாற்பது சுற்றில் ஒரு மூலக்கூறு கொள்கையளவில் லட்சம் கோடிப் பிரதிகளாகும். 2020இல் ஒவ்வொரு ஆய்வகமும் நாள் முழுதும் இந்த வைரஸையே பெருக்கிக்கொண்டிருந்தது. ஒரு துளியின் நுண்துகள் பழைய மாதிரிக் குழாய்க்குள் போனாலே போதும். தொடாமல் உறைந்திருக்கும் இன்னொரு குழாயிலிருந்து புதிதாகப் பிரித்தெடுத்து, வேறொரு ஆய்வகத்தில், குறைந்தது இரண்டு மரபணுப் பகுதிகளில் திரும்பச் செய்து, கிடைத்ததை வரிசைப்படுத்த வேண்டும். அந்த வரிசை மூதாதைக்கு மிக நெருங்கியதாக இருக்க வேண்டும். 2019 இலையுதிர் கால மாதிரி என்று சொல்லப்படுவதில் 2020 வசந்தத்தில் பரவலான டி614ஜி போன்ற பிறழ்வு இருந்தால், அது ஆய்வகத்துக் கலப்படம்.

வூகானிலும் இதே சோதனை நடந்தது. 2019 அக்டோபர், நவம்பர் மாதங்களின் 76,253 நோயாளிப் பதிவுகளைச் சலித்து, அறிகுறி பொருந்தும் 92 பேரைத் தேர்ந்து, ரத்தம் கிடைத்த 67 பேரைச் சோதித்தார்கள். எல்லாம் நெகட்டிவ். ஓராண்டுக்கு மேல் கழித்து எடுத்த ரத்தம் என்பதால் எதிர்ப்புப் புரதம் மங்கியிருக்கலாம், 76,000 பேரிலிருந்து 92 ஆகச் சுருக்கிய சல்லடையும் மிக இறுக்கமானது. அதனால் இதற்கு நான் பெரிய எடை கொடுப்பதில்லை. இதைவிடப் பயனுள்ளது ரத்த வங்கிச் சான்று: 2019 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை வூகானில் கொடையாகப் பெற்ற 43,000க்கும் மேற்பட்ட மாதிரிகளில் ஒன்றுகூட நடுநிலையாக்கச் சோதனையில் உறுதியாகவில்லை. அன்றன்றைக்கு எடுத்துச் சேமித்த ரத்தம் அது. டிசம்பருக்கு முன் பரந்த பரவல் இல்லை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று இல்லை.

வெளியே பரவிய கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஜனவரி 13 அன்று தாய்லாந்து, பிறகு ஜப்பான், தென் கொரியா, அமெரிக்கா. ஜனவரி 20 அன்று சீனாவின் மூத்த நுரையீரல் மருத்துவர் சோங் நான்ஷான் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுகிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். மூன்று நாளில் வூகான் மூடப்பட்டது. அதற்குள் சுமார் 50 லட்சம் பேர் புத்தாண்டுப் பயணமாகவும் மற்றபடியும் நகரை விட்டுப் போயிருந்தார்கள் என்று நகர மேயரே சொன்னார். பலரும் தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று: ஒரு நாட்டின் முதல் நோயாளிதான் அந்த நாட்டுப் பரவலின் வேர் என்பது. பெரும்பாலும் அப்படி இல்லை. ஜெர்மனியின் பவேரியாவில் ஜனவரி இறுதியில் தெரிந்த தொற்றுச் சங்கிலி பதினாறு பேரோடு தடுத்து முடிக்கப்பட்டது. ஐரோப்பாவின் பெரும் அலை அதிலிருந்து வரவில்லை. வாஷிங்டன் மாநிலத்தின் ஜனவரி நோயாளியிலிருந்தே அங்கே பரவல் கிளைத்தது என்று முதலில் நினைத்தார்கள். மரபணு மரத்தை மறுபடி வரைந்தபோது, பிப்ரவரியில் தனியே வந்த இன்னொரு நுழைவே காரணம் என்று தெரிந்தது. நியூயார்க்கில் பரவியது பெரும்பாலும் ஐரோப்பா வழியே வந்தது. சீனப் பயணிகளை மட்டும் தடுத்த கதவில் அது அகப்படவில்லை.

கடைசிக் கேள்விக்கு வருவோம். சந்தைப் பக்கம் இருப்பது என்ன? டிசம்பர் நோயாளிகளில் 155 பேரின் இருப்பிடத்தை வரைபடத்தில் குறித்தபோது, அவர்கள் ஹூவானான் சந்தையைச் சுற்றிக் குவிந்திருந்தார்கள். சந்தைக்கே போகாதவர்கள் என்று பதிவானவர்களும் அதைச் சுற்றித்தான் வாழ்ந்தார்கள். சந்தை மூடப்பட்ட ஜனவரி 1 முதல் அங்கே 1,380 மாதிரிகள் எடுக்கப்பட்டன. தரை, வண்டி, வடிகால் போன்றவற்றில் எடுத்த 923இல் எழுபதுக்கும் மேற்பட்டவை பாசிட்டிவ், உயிருள்ள காட்டு விலங்குகள் விற்ற மேற்குப் பகுதியில் அவை செறிந்திருந்தன. விலங்குகளிலிருந்து எடுத்த 457 மாதிரிகளில் ஒன்றும் இல்லை. இந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு "விலங்கில் இல்லை என்று நிரூபணமாகிவிட்டது" என்கிறார்கள். சோதித்த விலங்குகள் எவை என்று பாருங்கள். இந்த வைரஸ் தொற்றக்கூடிய, நரி போன்ற விலங்கான ரக்கூன் நாய்கள் உயிரோடு அந்த 457இல் கிடையாது. மாதிரி எடுப்பவர்கள் வருவதற்குள் அவை அப்புறப்படுத்தப்பட்டிருந்தன. ரக்கூன் நாய்கள் விற்கப்பட்டதற்கும் சான்று உறுதியானது: 2017 மே முதல் 2019 நவம்பர் வரை வூகான் சந்தைகளில் 38 இனங்களைச் சேர்ந்த 47,381 விலங்குகள் விற்றதை வேறொரு நோய்க்காகக் கணக்கெடுத்துக்கொண்டிருந்த ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதில் ரக்கூன் நாய் உண்டு, வௌவாலும் அலங்கும் (எறும்புதின்னி) இல்லை. வௌவால் சூப் கதையை இத்தோடு விட்டுவிடலாம்.

வைரஸ் இருந்த அதே துடைப்பு மாதிரிகளில் ரக்கூன் நாயின் மரபணுவும் இருந்தது 2023இல் தெரியவந்தது. இது அந்த விலங்கு அங்கே நின்றது என்பதைக் காட்டும், அதற்குத் தொற்றியிருந்தது என்பதைக் காட்டாது. அமெரிக்க வைரஸ் ஆய்வாளர் ஜெஸ்ஸி புளூம் அதே தரவை அளவு வாரியாக ஆராய்ந்தபோது, வைரஸ் அளவு கூடும் இடங்களில் ரக்கூன் நாயின் மரபணு கூடவில்லை, மீன்களோடுதான் அதிகம் சேர்ந்து வந்தது. மீனுக்கு இந்த வைரஸ் தொற்றாது என்பதால், ஜனவரி மாத மாதிரிகளில் இருப்பது பெரும்பாலும் நோயுற்ற மனிதர்கள் தும்மியது என்றே ஆகிறது. ஒரு மாதம் தாமதமாக எடுத்த துடைப்பிலிருந்து இதற்கு மேல் பிழிய முடியாது.

ஆய்வகப் பக்கத்தையும் நேர்மையாகப் பார்ப்போம். வௌவால் கொரோனா வைரஸ்களைச் சேகரிப்பதில் உலகின் முன்னணி நிறுவனங்களில் ஒன்று அதே வூகானில் இருக்கிறது. சார்ஸ் வைரஸ் 2003, 2004இல் சிங்கப்பூர், தைபே, பெய்ஜிங் ஆய்வகங்களிலிருந்து ஆட்களுக்குத் தொற்றியது பதிவான வரலாறு. வௌவால் வைரஸ்களில் ஃபியூரின் வெட்டிடம், அதாவது ஃபியூரின் என்ற நொதி வெட்டும் இடம், சேர்த்துப் பார்க்கும் திட்டம் ஒன்று 2018இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமையான டார்பாவிடம் நிதி கேட்டு, மறுக்கப்பட்டது. வூகான் நிறுவனம் அதில் கூட்டாளி. நமது வைரஸின் கூர்முனைப் புரதத்தில் சரியாக அப்படி ஒரு வெட்டிடம், 12 எழுத்துச் செருகலாக, இருக்கிறது. அதன் நெருங்கிய உறவு வைரஸ்களில் இல்லை. இதை எடுத்தெறிந்து பேசுவது முறையில்லை.

ஆனால் வாதம் நிற்கும் இடம் அதுவே. அந்த ஆய்வகத்தில் இருந்ததாகத் தெரிந்த நெருங்கிய வைரஸ், 2013இல் யுன்னான் சுரங்கம் ஒன்றில் குதிரைலாட வௌவாலிடம் எடுத்த ஆர்.ஏ.டி.ஜி.13. ஒற்றுமை 96 சதவீதம். கேட்க நெருக்கமாகத் தோன்றும், ஆனால் சுமார் 30,000 எழுத்தில் அந்த நான்கு சதவீதம் 1,100 எழுத்துக்கு மேல். இயற்கையில் அவ்வளவு விலகப் பல பத்தாண்டுகள் ஆகும், ஆய்வகத்தில் கைப்பணியாக அத்தனையையும் மாற்ற வழியில்லை. லாவோசில் பின்னர் கிடைத்த பனால்-52 அதைவிடச் சற்று நெருக்கம், 96.8 சதவீதம், மனித செல்லில் ஒட்டும் பகுதியும் அதில் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. மெர்ஸ் வைரஸிலும் சளி தரும் சில கொரோனா வைரஸ்களிலும் ஃபியூரின் வெட்டிடம் இயற்கையாகவே உண்டு. இன்னொன்று, ஆய்வகங்கள் வழக்கமாக வைரஸ் வளர்க்கும் வீரோ செல்களில் இந்த வெட்டிடம் சில சுற்றுகளிலேயே உதிர்ந்துவிடுகிறது. அந்தச் செல்களில் நெடுநாள் வளர்ந்த வைரஸ் என்றால் இது மிஞ்சியிருக்காது. இடத்தையும் பாருங்கள். வைரஸ் ஆய்வு நிறுவனம் யாங்சி ஆற்றுக்கு அந்தப் புறம், முதல் நோயாளிகள் குவிந்தது இந்தப் புறம், சந்தையைச் சுற்றி.

எல்லாம் எடைபோட்டால் தராசு விலங்கு வணிகம் பக்கம் தெளிவாகச் சாய்கிறது என்பதே என் கணிப்பு. மூடிவிட்ட வழக்கு இல்லை. அமெரிக்க உளவமைப்புகள் இரண்டாகப் பிரிந்து நிற்கின்றன. சி.ஐ.ஏ. 2025 ஜனவரியில் ஆய்வகம் என்று சொன்னபோதும் "குறைந்த நம்பகத்தன்மை" என்ற அடையோடுதான் சொன்னது. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2025 ஜூனில், இருக்கும் சான்றுகளின் எடை விலங்கிலிருந்து தாவியதைச் சுட்டுகிறது, ஆனால் எந்தக் கருதுகோளையும் விலக்க முடியவில்லை என்றது. உறைந்த உணவு வழியே வெளிநாட்டிலிருந்து வந்தது என்ற கருத்துக்குச் சொல்லத்தக்க சான்றே இல்லை.

சார்ஸில் மட்டும் எந்த விலங்கு என்பது ஏன் சீக்கிரம் பிடிபட்டது என்று கேட்கலாம். 2003 மே மாதம் ஷென்சென் சந்தையில் மரநாய்கள் கூண்டில் உயிரோடு இருந்தன, நேரே மூக்கில் துடைத்து எடுத்தார்கள். இம்முறை விலங்குகள் முதல் நாளே போய்விட்டன, 2020 பிப்ரவரியில் காட்டு விலங்கு வணிகத்துக்கு வந்த தடையோடு பண்ணைகளும் கலைந்தன. சீனா முழுவதும் 80,000க்கு மேற்பட்ட விலங்கு மாதிரிகள் நெகட்டிவ் என்று உலக சுகாதார நிறுவனமும் சீனாவும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை சொன்னாலும், அவற்றில் ஹூவானானுக்குச் சரக்கு அனுப்பிய காட்டு விலங்குப் பண்ணைகளின் 2019 ரத்தம் இல்லை.

தீர்த்துவைக்கக்கூடிய பொருட்கள் எவை என்பதில் எந்தத் தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. தொடக்க கால நோயாளிகளின் நூற்றுக்கணக்கான மரபணு வரிசைகள், சந்தை வியாபாரிகளின் கொள்முதல் பதிவுகள், அந்தப் பண்ணை வேலையாட்களின் பழைய ரத்தம், வூகான் ஆய்வகங்களின் பணிக்குறிப்பேடுகளும் பாதுகாப்புப் பதிவுகளும். நிபுணர் குழு கேட்டும் சீனா இவற்றைத் தரவில்லை. சில தானாகவும் வெளிவந்திருக்கின்றன. அமெரிக்கத் தரவுத்தளத்தில் ஏற்றி, 2020 ஜூனில் சீன ஆய்வாளர்களே கேட்டுக்கொண்டதால் நீக்கப்பட்ட தொடக்க கால வரிசைகளில் பதின்மூன்றை, மேகச் சேமிப்பில் எஞ்சியிருந்த கோப்புகளிலிருந்து புளூம் மறுவருடம் மீட்டெடுத்தார். ரக்கூன் நாய் மரபணு இருந்த சந்தைத் தரவும், 2023இல் ஒரு பொதுத் தளத்தில் சில நாட்கள் மட்டும் கண்ணுக்குத் தென்பட்டபோது பதிவிறக்கப்பட்டதுதான்.